வீட்டில் படம் பார்க்க என்னதான் வழி? சுங்கை சிப்புட் கடைத்தெருவில் தினமும் கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஹென்ட்போன் பழுது பார்ப்பது, தட்டு மாட்டுவது, பில் கட்டிக் கொடுப்பது, இதுதான் என் பிழைப்பு. தட்டு என்றால் ஆஸ்ட்ரோ தட்டு, காசு கட்டிப் பார்க்கும் செயற்கைக்கோள் டிவிக்கு உள்ளது. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து சம்பள வாரத்தில் டவுனுக்கு வருகிறவர்கள் சாமான் வாங்கி முடித்துவிட்டு என் கடையில் ஒதுங்குவார்கள். வாய்தான் வேறு, கேள்வி ஒன்றுதான். சொல்லிச் சொல்லிச் சலித்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். விலை அடிக்கடி ஏறும். ஆண்டோடு சொல்லியிருக்கும் விலை அந்த ஆண்டின் விலை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, முன்ன மாதிரி ஒரே ஒரு படம் வாடகைக்கு எடுக்க இப்ப வழியே இல்லையா?

கடை இல்லை, வழி கொஞ்சம் இருக்கிறது. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒரே ஒரு வீட்டில்தான் வீடியோ டெக். டவுனிலிருந்து கேசட் வந்தால் ஆளுக்கு 50 சென் போட்டு, வாசல்வரை பாய் விரித்து உட்கார்வோம். மறுநாள் பத்து மணிக்குள் கேசட்டைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் இன்னொரு நாள் வாடகை. அப்புறம் விசிடி வந்தது, டிவிடி வந்தது, பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் திருட்டு சிடி வந்தது. வாடகைக் கடைகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன.

இன்று ஒரு படத்துக்கு மட்டும் காசு கட்ட மூன்று இடங்கள் உண்டு. ஐபோன் வைத்திருந்தால் ஆப்பிள் கடை. அது மலேசியாவுக்கு 2012இல் வந்தது. ஆண்ட்ராய்டு என்றால் யூடியூபிலேயே வாடகைப் படங்கள் இருக்கின்றன. இரண்டிலும் காசு கட்டினால் 30 நாளுக்குள் பார்க்கத் தொடங்க வேண்டும்; தொடங்கிவிட்டால் 48 மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும். ஆனால் அங்கே இங்லீஷ் படம் மலைபோலக் கிடக்கும், தமிழ்ப் படத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மூன்றாவது, ஆஸ்ட்ரோ பெட்டி இருக்கிறவர்களுக்கு 2011இல் வந்த ஆஸ்ட்ரோ ஃபர்ஸ்ட். தியேட்டரைவிட்டு இறங்கிய படத்தை ஒரு தடவை காசு கட்டி வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். பழைய கேசட் வாடகைக்குக் கிட்டத்தில் வருவது இதுதான். என்ன படம் வைப்பது என்பது அவர்கள் கையில்.

நம் ஆட்களுக்கு வேண்டியது பெரும்பாலும் இந்த ஒரு படம், ஒரு ராத்திரி வியாபாரம்தான். மாதச் சந்தா விற்கிறவர்களுக்கு அதுதான் புரியவில்லை.

மாசாமாசம் காசு கட்டாம தமிழ் பார்க்க எதுவும் இருக்கா?

இருக்கிறது. பழைய முறை ஏரியல் ஒளிபரப்பை 2019 அக்டோபர் 31ஆம் தேதியோடு நாடு முழுக்க நிறுத்திவிட்டார்கள். இப்போது மைடிவி என்கிற டிஜிட்டல் ஒளிபரப்பு. புது டிவியில் அது உள்ளேயே இருக்கும். பழைய டிவிக்கு ஒரு சின்னப் பெட்டி வேண்டும். அதில் அரசாங்க ஒளிபரப்பான ஆர்டிஎம் டிவி2இல் தமிழ்ச் செய்தியும் தமிழ் நிகழ்ச்சிகளும் வரும், தீபாவளிக்குப் படமும் போடுவார்கள். போனில் பார்க்க ஆர்டிஎம் கிளிக் செயலி, அதற்கும் காசில்லை.

அடுத்தது என்ஜோய். ஆஸ்ட்ரோ அரசாங்கத்தோடு சேர்ந்து 2012இல் கொண்டுவந்தது. பெட்டிக்கும் தட்டுக்கும் ஒரு தடவை காசு, அப்புறம் மாதக் கட்டணம் கிடையாது. கூடுதல் அலைவரிசை வேண்டுமென்றால் போனுக்கு டாப்அப் போடுவதுபோல வேண்டிய நாளுக்கு மட்டும் போடலாம். கூலி வாரத்துக்கு வாரம் மாறுகிற வீட்டுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தாத்தா பாட்டி பார்க்கிற கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் காசே கட்ட வேண்டாம். உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களே பல படங்களை யூடியூபில் முழுசாக விட்டிருக்கின்றன. நடுவில் விளம்பரம் வரும், அவ்வளவுதான்.

மழை வந்தா படம் நின்னுடுது. தட்டு கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் கெடவில்லை. ஆஸ்ட்ரோ, என்ஜோய் இரண்டுமே கேயூ பேண்ட் என்கிற அலையில் வருகின்றன. கனத்த மழைத்துளி அந்த அலையைத் தின்றுவிடும். நம் பக்கத்துச் சாயங்கால மழை எப்படி அடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அரை மணி நேரத்தில் மழை தணிந்ததும் தானாக வந்துவிடும். அதற்குள் கூரைமேல் ஏறித் தட்டைத் திருப்பாதீர்கள். திருப்பிவிட்டால் மழை நின்ற பிறகும் படம் வராது. அப்போதுதான் எனக்குக் காசு கொடுக்க வேண்டிவரும்.

லேசான தூறலுக்கே நிற்கிறது என்றால் வேறு கோளாறு. தட்டு கிட்டத்தட்ட உச்சி வானத்தை, கொஞ்சம் மேற்கே சாய்ந்து பார்க்கிறது. அதனால் செம்பனை மரம் மறைப்பது அபூர்வம். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன மூக்கைப் பாருங்கள். போன மாதம் ஒரு வீட்டில் அதன் மூடி வெடித்து உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. இன்னொரு வீட்டில் ஒயர் மாட்டும் இடத்தில் பச்சையாகத் துரு. ஒயர் நுனியை வெட்டிப் புதுத் திருகு போட்டேன், பத்து நிமிட வேலை. வீட்டுக்காரர் புதுத் தட்டு வாங்கக் காசு எண்ணி வைத்திருந்தார்.

எங்க தோட்டத்துக்கு ஃபைபர் எப்ப வரும்?

யூனிஃபை என்கிற ஃபைபர் இணையம் 2010இல் வந்தது. நம் டவுனில் பல தாமான்களில் (குடியிருப்புகளில்) இருக்கிறது. நாலு மைல் தள்ளி லயத்தில் இல்லை. காரணம் தூரம் மட்டும் கிடையாது. தோட்டம் தனியார் நிலம். கம்பம் நட, கேபிள் இழுக்க நிர்வாகம் அனுமதி கொடுக்க வேண்டும். முப்பது நாற்பது குடும்பத்துக்காக அவ்வளவு கேபிள் இழுத்தால் கட்டுப்படியாகுமா என்றும் கம்பெனி பார்க்கும். 'லயம்' என்கிற சொல்லே 'லைன்' என்பதிலிருந்து வந்ததுதான் என்பார்கள். அந்த லைனில்தான் லைன் இல்லை.

கேபிள் வராத இடத்தில் சிம் போடுகிற 4ஜி மோடம்தான் கைகொடுக்கும். அதை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல், டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில் உயரமாக வையுங்கள். ஒரு வீட்டில் பூஜை அலமாரிமேல் வைத்ததும் ஒரு கோடு மூன்று கோடானது. உறவுக்காரர் கொடுத்த பழைய 3ஜி மோடத்தைக் கொண்டுவந்து "லைனே வரல" என்கிறவர்களும் உண்டு. 2021 கடைசியோடு 3ஜியை நாடு முழுக்க மூடிவிட்டார்கள், அதற்கு உயிர் கிடையாது. செயற்கைக்கோள் வழி இணையமான ஸ்டார்லிங்க் 2023இல் மலேசியாவுக்கு வந்தது. அப்போது சாமான் விலை போக மாதம் 220 வெள்ளி (ரிங்கிட்). தோட்ட வீட்டுக்கு அது படம் பார்க்கிற காசு இல்லை.

டேட்டாவிலேயே ஒரு படம் பார்த்தா எவ்வளவு போகும்?

நெட்ஃபிலிக்ஸ் சொல்லும் கணக்கு இது. குறைந்த தரம் மணிக்கு 0.3 ஜிபி, நடுத்தரம் 0.7 ஜிபி, உயர்ந்த தரம் 3 ஜிபி வரை. நம் படம் இரண்டரை மணி நேரம் ஓடும். நடுத்தரத்தில் 1.75 ஜிபி, உயர்ந்த தரத்தில் 7.5 ஜிபி. போனின் கையகலத் திரையில் இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. செயலிக்குள் போய்த் தரத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். தானாக விட்டால் நன்றாக லைன் வரும்போதெல்லாம் டேட்டாவை அள்ளிக் குடித்துவிடும்.

அன்லிமிடட்தான் போட்டிருக்கேன். அப்புறம் ஏன் டிவியில சுத்திக்கிட்டே இருக்கு?

'அன்லிமிடட்' என்பது அளவுக்கு, வேகத்துக்கு இல்லை. பல ப்ரீபெய்ட் திட்டங்களில் வேகத்தைக் கட்டிப்போட்டிருப்பார்கள். எச்டி தரத்துக்கு 3 எம்பிபிஎஸ், அதைவிடத் துல்லியமான ஃபுல் எச்டிக்கு 5 எம்பிபிஎஸ் வேண்டும் என்பது நெட்ஃபிலிக்ஸ் கணக்கு. உங்கள் திட்டம் 3 என்றால், வீட்டில் இன்னொரு பிள்ளை டிக்டாக் பார்த்தாலே டிவி சுற்ற ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று, சிம் அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பது. போனில் பார்க்க அளவில்லை, ஹாட்ஸ்பாட் போட்டு டிவிக்கு விட மட்டும் தனி அளவு. அந்த அளவு இரண்டு படத்தில் தீர்ந்துவிடும். வாங்கும்போது "ஹாட்ஸ்பாட்டுக்கு எத்தனை ஜிபி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

எல்லாத்துலயும் தமிழ்ப் படம் இருக்குங்கறாங்க. நான் எதை வாங்கறது?

எல்லாவற்றையும் ஒன்றாக வாங்காதீர்கள் என்பதுதான் முதல் பதில். நெட்ஃபிலிக்ஸும் அமேசான் பிரைமும் 2016இல் இங்கே வந்தன. புதுத் தமிழ்ப் படங்களில் பெரிய பங்கு இந்த இரண்டுக்கும்தான் போகிறது. டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார் 2021 ஜூனில் இங்கே வந்தபோது தமிழையும் சேர்த்தே கொண்டுவந்தது. சன் டிவி சீரியலும் அவர்கள் படமும் வேண்டுமென்றால் சன் நெக்ஸ்ட். டென்ட்கொட்டா, சிம்ப்ளி சவுத் இரண்டும் இந்தியாவுக்கு வெளியே இருக்கிறவர்களை நினைத்துத் தொடங்கியவை. பெரிய நடிகர் இல்லாத சின்னப் படங்கள் அங்கேதான் ஒதுங்கும். எனக்கு அவைதான் பிடிக்கும்.

மாதத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிக் கட்டுவது என் வழக்கம். இந்த மாதம் ஒன்றை எடுத்துப் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு நிறுத்து, அடுத்த மாதம் இன்னொன்று. வருடச் சந்தா மலிவு என்று ஒரேயடியாகக் கட்டாதீர்கள். ஹூக் என்று ஒன்று இருந்தது, 2020இல் மூடிவிட்டார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த ஐஃபிலிக்ஸ் அதே வருடம் சீனக் கம்பெனி கைக்குப் போனது.

தியேட்டர்ல ஓடற படம் எதுல வரும்னு முன்கூட்டியே தெரியுமா?

தெரியும். படத்தின் பெயர் வருவதற்கு முன் நன்றி போடுகிற இடத்தில் டிஜிட்டல் உரிமை யாருடையது என்று சின்னமே காட்டிவிடுவார்கள். பல தமிழ்ப் படங்கள் தியேட்டருக்கு வந்து நாலு வாரத்தில் இணையத்தில் இறங்கியிருக்கின்றன. அஞ்சு பேர் குடும்பம் ஈப்போவுக்குப் போய் டிக்கெட், பெட்ரோல், சோளப்பொரி என்று செலவழிப்பதா, நாலு வாரம் பொறுப்பதா என்பது உங்கள் பாடு.

போன் பிளான் எடுத்தேன், டிவியில வரமாட்டேங்குது. ஏமாத்திட்டானா?

ஏமாற்றவில்லை, பெயரிலேயே சொல்லித்தான் விற்கிறார்கள். நெட்ஃபிலிக்ஸ் 2019இல் மாதம் 17 வெள்ளிக்குக் கைப்பேசித் திட்டம் கொண்டுவந்தது. போனிலும் டேப்லட்டிலும் மட்டும், ஒரு நேரத்தில் ஒரு ஆள், சாதாரணத் தரம். ஒயர் போட்டாலும் கேஸ்ட் பண்ணினாலும் டிவிக்குப் போகாது. ராத்திரி ஷிஃப்ட் போகிற பையன் தனியாகப் பார்க்க அது போதும். குடும்பம் உட்கார்ந்து பார்க்க அடுத்த படித் திட்டம்தான்.

போட்ட விலையைவிட ஏன் கூட வெட்டறான்?

சேவை வரி. வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கு 2020 ஜனவரியிலிருந்து 6 விழுக்காடு, 2024 மார்ச்சிலிருந்து 8. முப்பது வெள்ளித் திட்டத்துக்கு 2 வெள்ளி 40 சென் கூட வரும். அது கம்பெனிக்குப் போவதில்லை.

பேங்க் கார்டு இல்ல. எப்படிக் கட்டறது?

ஆண்ட்ராய்டு போனில் கூகல் பிளே வழியாக எடுக்கும் பல செயலிகளுக்குப் போன் கிரெடிட்டிலிருந்தே கட்டலாம், டச் அன் கோ இ-வாலட்டிலிருந்தும் கட்டலாம். கடையில் விற்கும் கிஃப்ட் கார்டைச் சுரண்டி எண்ணைப் போடுவது இன்னொரு வழி. எனக்குப் பிடித்தது அதுதான். கார்டு தீர்ந்தால் சந்தா தானாக நின்றுவிடும். மறந்துபோய் ஆறு மாதம் காசு போகாது.

சென்னையில என் மாமா பையன் பாக்கறான். அதே படம் எனக்கு "உங்கள் நாட்டில் இல்லை"ங்குது. ஏன்?

ஒரு படத்தை விற்பது ஒரு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்பது மாதிரி. இந்தியத் தியேட்டர் ஒருவருக்கு, மலேசியத் தியேட்டர் இன்னொருவருக்கு, டிவி உரிமை வேறொருவருக்கு, இணைய உரிமை நாடு நாடாக. நெட்ஃபிலிக்ஸ் மாதிரி உலகம் முழுக்க வாங்கினால் நமக்கும் அதே நாளில் வரும். இந்தியாவுக்கு மட்டும் வாங்கியிருந்தால் மலேசியத் துண்டு யார் கையில் இருக்கிறதோ அவர் மனம் வைக்க வேண்டும். ஹாட்ஸ்டாரும் ஜியோ சினிமாவும் சேர்ந்து 2025 பிப்ரவரியில் ஜியோ ஹாட்ஸ்டார் ஆனதே, அது இந்தியாவுக்குள் இருக்கிறவர்களுக்கு. உங்கள் மாமா பையன் காட்டுகிற விலையைப் பார்த்து ஏங்கிப் பயனில்லை.

விபிஎன் போட்டா வருமாமே?

வேறு நாட்டில் இருப்பதுபோலக் காட்டுகிற செயலிதான் விபிஎன். மலேசியாவில் அதை வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் படம் கொடுக்கிற கம்பெனியின் நிபந்தனைக்கு விரோதம். கண்டுபிடித்தால் பட்டியலைச் சுருக்கிவிடுவார்கள். அதோடு விபிஎன் போட்டால் லைன் இன்னும் மெதுவாகும். மேலே சொன்ன 3 எம்பிபிஎஸ் வீட்டில் அது தேறாது. இலவச விபிஎன் எதையும் பேங்க் செயலி இருக்கும் போனில் போடாதீர்கள்.

ஒரே அக்கவுண்டை அண்ணன் தம்பி மூணு வீட்லயும் போட்டுக்கலாமா?

நெட்ஃபிலிக்ஸில் 2023இலிருந்து முடியாது. ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான். வெளி ஆளைச் சேர்க்கத் தனிக் காசு. ஒரே லயத்தில் அடுத்தடுத்த கதவு என்றாலும் மோடம் வேறாக இருந்தால் வேறு வீடுதான். மற்றவற்றில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு விதி, படித்துப் பாருங்கள்.

பாசார் மாலாம்ல ஒரு பெட்டி விக்கறான். ஒரு தடவை காசு, எல்லாப் படமும் எல்லா சேனலும் ஃப்ரீயாம். வாங்கலாமா?

வாரத்துக்கு மூன்று பேர் கேட்பது இது. ஆண்ட்ராய்டு பெட்டி வைத்திருப்பதில் தப்பில்லை. சட்டப்படி ஒப்புதல் முத்திரை குத்திய நல்ல பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன, பழைய டிவியை அவை ஸ்மார்ட் டிவியாக்கும். வம்பு, உள்ளே திருட்டுச் செயலியை ஏற்றி விற்பதில்தான். காப்புரிமைச் சட்டத்தை 2022 மார்ச்சில் திருத்தினார்கள். திருட்டு ஸ்ட்ரீமிங் பெட்டியோ செயலியோ செய்கிறவருக்கும் விற்கிறவருக்கும் 10,000 வெள்ளிக்குக் குறையாமல் 200,000 வெள்ளிவரை அபராதம், அல்லது 20 வருடம்வரை சிறை, அல்லது இரண்டும். அதனால் நான் விற்பதில்லை, பழுது பார்ப்பதும் இல்லை. என்னிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வாங்கியவருக்கு என்ன ஆகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். என் சித்தப்பா ஒன்று வாங்கினார். ரெண்டு மாதம் ஊரையே கூப்பிட்டுக் காட்டினார். மூன்றாம் மாதம் சேனல் எல்லாம் கறுப்பு. விற்றவனைத் தேடிப் போனால் அந்த இடத்தில் ஆப்பம் சுடுகிறார்கள். என்ஜோய் பெட்டி வாங்கியிருந்தால் இன்றைக்கும் ஓடியிருக்கும்.

பாட்டி இங்லீஷ் படம் பாக்க ஆசைப்படறாங்க. தமிழ்ல பேசுமா?

பேசும் படங்கள் இருக்கின்றன, பேச வைக்கத்தான் தெரிய வேண்டும். ஓடும்போது ஆடியோ என்கிற இடத்தை அமுக்கிப் பாருங்கள். நெட்ஃபிலிக்ஸில் தமிழ் தெரியவில்லை என்றால், கணக்கின் மொழி அமைப்பில் படங்களுக்கான மொழிகளில் தமிழையும் டிக் பண்ணுங்கள். அதைச் செய்யும்வரை பல படங்களில் தமிழ்க் குரல் பட்டியலிலேயே வராது. அடியில் ஓடுகிற மலாய் எழுத்தைப் பேத்திதான் படித்துச் சொல்ல வேண்டும் என்று இருந்த ஒரு பாட்டிக்கு இதைப் போட்டுக் கொடுத்தேன். "வெள்ளைக்காரன் நம்ம ஊர்க்காரன் மாதிரியே வையிறான்" என்று சிரித்தார்.

டவுன்ல டவுன்லோட் பண்ணிக்கிட்டு வீட்ல பாக்கலாமா?

தாராளமாக. லைன் இல்லாத தோட்டத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. சந்தாச் செயலிகளில் கீழ்நோக்கிய அம்பை அமுக்கினால் படம் போனுக்குள் இறங்கிவிடும். வைஃபை உள்ள கடையில் தேநீர் குடிக்கிற நேரத்தில் ரெண்டு படம் இறக்கலாம். ஆனால் அது உங்களுக்குச் சொந்தமில்லை, வாடகைச் சாமான் மாதிரி கெடு உண்டு. சிலவற்றில் பார்க்கத் தொடங்கியதும் 48 மணி நேரம்தான். சந்தாவை நிறுத்தினால் இறக்கியதும் போய்விடும்.

கோயில் திருவிழாவுக்குத் திடல்ல துணி கட்டி, என் நெட்ஃபிலிக்ஸ்ல இருந்து ஒரு படம் போடலாமா?

போன வருடம் ஒரு கோயில் கமிட்டித் தலைவர் நேரில் வந்து கேட்டது. கூடாது. உங்கள் சந்தா வீட்டுக்கானது; ஊரைக் கூட்டிக் காட்ட அந்தப் படத்தின் மலேசிய விநியோகஸ்தரிடம் தனி அனுமதி வேண்டும். அதற்குமேல் தணிக்கை. இணையத்தில் வருகிற படத்தைத் தணிக்கை வாரியம் பார்ப்பதில்லை. பொதுவில் திரையிட்டால் 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டம் வந்து நிற்கும். 2013இல் கோலாலம்பூரில் இலங்கைப் போர் பற்றிய ஆவணப்படம் ஒன்றைத் தணிக்கை இல்லாமல் திரையிட்டதற்காக ஒரு செயற்பாட்டாளர்மீது வழக்குப் போட்டார்கள். 2017இல் அவருக்கு 10,000 வெள்ளி அபராதம்.

தலைவர் பொறுமையாகக் கேட்டார். அந்தக் காலத்தில் தோட்டத் திடலில் துரையே படம் போட்டாரே என்றார். போட்டார், அனுமதி வாங்கின படத்தைப் போட்டார் என்றேன். கொஞ்ச நேரம் என் கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருந்த சார்ஜர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படின்னா உறுமி மேளம்தான்" என்று எழுந்தார். அந்த வருடம் உறுமி மேளம்தான்.